ஃபோர்டு எஃப்-150

ஃபோர்டு எஃப்-150 என்பது ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஃபோர்டு மோட்டார் நிறுவனம் தயாரிக்கும் முழு அளவு பிக்கப் வகைச் சரக்குந்து ஆகும். முன்புறம் மூடிய ஓட்டுநர் அறையும் பின்புறம் மேற்கூரையற்ற சரக்குப் பெட்டியும் கொண்ட இவ்வகை ஊர்திகள் வட அமெரிக்காவில் பண்ணை, கட்டுமானம் போன்ற தொழில்களுக்கும் குடும்பப் பயணத்திற்கும் ஒருசேரப் பயன்படுகின்றன. எஃப்-150 இடம்பெறும் எஃப் வரிசை, 1977 ஆம் ஆண்டு முதல் பல பதிற்றாண்டுகளாக அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையாகும் பிக்கப் வரிசையாக விளங்கி வருகிறது. மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்ன், மிசூரி மாநிலத்தின் கிளேகோமோ ஆகிய இடங்களிலுள்ள ஆலைகளில் இது உருவாக்கப்படுகிறது.

இவ்வூர்தியின் எரிபொருள் நுகர்வு குறித்து விற்பனை ஒட்டுச்சீட்டில் அச்சிடப்படும் எண்ணிற்கும் சாலையில் கிடைக்கும் அளவிற்கும் இடையே பெரும் வேறுபாடு காணப்படுவதுண்டு. ஒட்டுச்சீட்டு எண் சுமையற்ற ஊர்தியைக் கொண்டு பெறப்படுவதும், ஊர்தியோ சுமை ஏற்றவும் இழுக்கவும் வாங்கப்படுவதுமே இதற்கு முதன்மையான காரணம் ஆகும்.

வரலாறு

எஃப் வரிசையின் முதல் தலைமுறை 1948 ஆம் ஆண்டில் அறிமுகமானது. அதில் அரை டன் வகை எஃப்-1 எனப்பட்டது. 1953 இல் அது எஃப்-100 எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1975 ஆம் ஆண்டு மாதிரியில் எஃப்-100 இற்கும் எஃப்-250 இற்கும் இடைப்பட்டதாக எஃப்-150 சேர்க்கப்பட்டது. அக்காலத்தில் மொத்த எடை வரம்பு 6000 பவுண்டிற்கு (2722 கிலோகிராம்) உட்பட்ட ஊர்திகளுக்கு மாசு வெளியேற்ற விதிகள் கடுமையாக இருந்தன. அவ்வரம்பைச் சற்றே தாண்டும்படி எஃப்-150 வடிவமைக்கப்பட்டதால் வினையூக்கி மாற்றியைப் பொருத்த வேண்டிய தேவை அப்போது எழவில்லை. எரிபொருள், மாசு ஆகியன தொடர்பான விதிகள் இவ்வூர்தியின் தோற்றத்திலேயே பங்கு வகித்தன என்பதற்கு இது சான்றாகும்.

1970களின் எண்ணெய் நெருக்கடிகளைத் தொடர்ந்து, 1980 ஆம் ஆண்டு மாதிரி எடை குறைப்பையும் காற்றுத்தடைக் குறைப்பையும் கருத்திற்கொண்டு மறுவடிவமைப்பு செய்யப்பட்டது. எஃப்-100 கைவிடப்பட்ட பின்னர் எஃப்-150 வரிசையின் அடிப்படை ஊர்தியாயிற்று.

எரிபொருள் நுகர்வைப் பொறுத்தவரை அண்மைக் காலத்தின் முக்கிய மாற்றங்கள் பின்வருமாறு:

- 2011: இரட்டை டர்போசார்ஜர் கொண்ட 3.5 லிட்டர் ஆறு உருளை 'ஈக்கோபூஸ்ட்' இயந்திரம் அறிமுகமானது. இது 365 குதிரைத்திறனை அளித்தது.
- 2015: உடற்பகுதி எஃகிலிருந்து அலுமினியக் கலவைக்கு மாற்றப்பட்டது. சட்டகம் எஃகாகவே தொடர்ந்தது. இதனால் எடை 700 பவுண்டு (ஏறத்தாழ 318 கிலோகிராம்) வரை குறைந்தது. 2.7 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இயந்திரமும் இவ்வாண்டு மாதிரியில் வந்தது.
- 2017: ஜெனரல் மோட்டார்சு நிறுவனத்துடன் கூட்டாக உருவாக்கப்பட்ட பத்து வேகத் தானியங்கிப் பல்லிணைப் பெட்டி 3.5 லிட்டர் இயந்திரத்துடன் இணைக்கப்பட்டது.
- 2018: 3.0 லிட்டர் டீசல் இயந்திரம் அறிமுகமானது. இதன் இருசக்கர இயக்க வகை, நெடுஞ்சாலை மதிப்பீட்டில் காலனுக்கு 30 மைல் (லிட்டருக்கு 12.8 கிமீ) என்ற அளவை எட்டியது. 2021 இல் இவ்வியந்திரம் நிறுத்தப்பட்டது.
- 2021: பதினான்காம் தலைமுறையுடன் பெட்ரோல்-மின் கலப்பின வகையான 'பவர்பூஸ்ட்' வெளிவந்தது.
- 2022: முழு மின்சார வகையான எஃப்-150 லைட்னிங் விற்பனைக்கு வந்தது. இதன் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக 2025 டிசம்பரில் ஃபோர்டு அறிவித்தது.

சிறப்புக் கூறுகள்

எஃப்-150 மூன்று வகை ஓட்டுநர் அறைகளுடனும், ஏறத்தாழ 5.5, 6.5, 8 அடி நீளமுள்ள மூன்று சரக்குப் பெட்டிகளுடனும் வழங்கப்பட்டு வந்துள்ளது. 'அரை டன்' என்பது இன்று வகைப்பெயர் மட்டுமே. 2021 மாதிரியில் உரிய துணைக்கருவிகளுடன் அதிகபட்சமாக 3325 பவுண்டு (1508 கிலோகிராம்) சுமை ஏற்றவும், 14,000 பவுண்டு (6350 கிலோகிராம்) எடையுள்ள டிரெய்லரை இழுக்கவும் இயலும் என ஃபோர்டு குறிப்பிட்டது. இவ்விரு அளவுகளும் ஒரே ஊர்தியில் கிடைப்பதில்லை. இயந்திரம், அறை, பின்னச்சு விகிதம் ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வோர் ஊர்திக்கும் தனி வரம்பு உண்டு. அவ்வூர்திக்குரிய சுமை வரம்பு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

எரிபொருளைச் சேமிக்கும் நோக்கில் பல கூறுகள் இதில் இடம்பெற்றுள்ளன. குளிர்விப்புத் தேவை குறைவாக உள்ளபோது முன்புறக் காற்று நுழைவாயிலை மூடும் தானியங்கித் தடுப்பு, ஊர்தி நிற்கும்போது இயந்திரத்தை அணைத்து மீண்டும் இயக்கும் அமைப்பு, வேகத்திற்கேற்பக் கீழிறங்கும் முன்புறக் காற்றுத் தடுப்புப் பட்டை ஆகியன அவற்றுட் சில. 2021 முதல் 5.0 லிட்டர் எட்டு உருளை இயந்திரத்தில், குறைந்த சுமையின்போது சில உருளைகளை ஓய்வில் வைக்கும் வசதியும் சேர்க்கப்பட்டது.

கலப்பின வகையில் 35 கிலோவாட் மின்னோடியும் 1.5 கிலோவாட்-மணி மின்கலமும் 3.5 லிட்டர் இயந்திரத்துடன் இணைந்து மொத்தம் 430 குதிரைத்திறனை அளிக்கின்றன. இதன் எரிபொருள் தொட்டி 30.6 காலன் (116 லிட்டர்) கொள்ளளவுடையது. சரக்குப் பெட்டியிலுள்ள மின்செருகிகள் வழியாக 2.4 கிலோவாட் அல்லது கூடுதல் கட்டணத்தில் 7.2 கிலோவாட் மின்சாரம் பெறலாம். 2021 பிப்ரவரியில் கடும் பனிப்புயலால் டெக்சாசில் மின்வழங்கல் முடங்கியபோது, தம்மிடமிருந்த இவ்வகை ஊர்திகளை மின்னாக்கிகளாகக் கடன் கொடுத்து உதவுமாறு ஃபோர்டு அம்மாநில முகவர்களைக் கேட்டுக்கொண்டது.

அதிகாரப்பூர்வ மதிப்பீடு

அமெரிக்காவில் விற்கப்படும் ஊர்திகளின் எரிபொருள் சிக்கனம் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிகளின்படி மதிப்பிடப்படுகிறது. நான்கு சக்கர இயக்கம் கொண்ட 2021 மாதிரி எஃப்-150 வகைகளுக்கான நகர்-நெடுஞ்சாலை ஒருங்கிணைந்த மதிப்பீடுகள்:

- 2.7 லிட்டர் ஈக்கோபூஸ்ட் (325 குதிரைத்திறன்): காலனுக்கு 21 மைல், லிட்டருக்கு 8.9 கிமீ, 100 கிமீ தொலைவிற்கு 11.2 லிட்டர்
- 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் (400 குதிரைத்திறன்): காலனுக்கு 20 மைல், லிட்டருக்கு 8.5 கிமீ, 100 கிமீ தொலைவிற்கு 11.8 லிட்டர்
- 5.0 லிட்டர் எட்டு உருளை (400 குதிரைத்திறன்): காலனுக்கு 19 மைல், லிட்டருக்கு 8.1 கிமீ, 100 கிமீ தொலைவிற்கு 12.4 லிட்டர்
- 3.5 லிட்டர் கலப்பினம் (430 குதிரைத்திறன்): காலனுக்கு 24 மைல், லிட்டருக்கு 10.2 கிமீ, 100 கிமீ தொலைவிற்கு 9.8 லிட்டர்

இச்சோதனைகள் சாலையில் அல்லாது, ஆய்வகத்தில் உருளைகளின் மீது சக்கரங்களைச் சுழலவிட்டு நடத்தப்படுகின்றன. சாலையில் ஊர்தி எதிர்கொள்ளும் காற்றுத்தடையும் உருளல் தடையும் முன்கூட்டியே கணிக்கப்பட்டு, அவற்றிற்கு ஈடான எதிர்விசை உருளைகளுக்கு அளிக்கப்படுகிறது. அடிப்படை நகரச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 34 கிமீ ஆகும். நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகம் ஏறத்தாழ 78 கிமீ. அதன் உச்ச வேகமே 97 கிமீ அளவில் நின்றுவிடும்.

இவ்வாறு பெறப்பட்ட எண்கள் நடைமுறையைவிட மிகுதியாக இருந்தமையால், 1985 மாதிரி முதல் நகர மதிப்பு 10 விழுக்காடும் நெடுஞ்சாலை மதிப்பு 22 விழுக்காடும் குறைத்துக் காட்டப்பட்டன. 2008 மாதிரி முதல் அதிவேக ஓட்டம், வெப்பமான நாளில் குளிரூட்டிப் பயன்பாடு, உறைநிலைக்குக் கீழான குளிர் ஆகியவற்றிற்கான மூன்று சோதனைகளும் கணக்கிற் கொள்ளப்படுகின்றன. எனினும் டிரெய்லர் இழுத்தலோ முழுச் சுமையோ இவற்றுள் எதிலும் இடம்பெறவில்லை.

மொத்த எடை வரம்பு 8500 பவுண்டிற்கு (3856 கிலோகிராம்) மேற்பட்ட பிக்கப் ஊர்திகளுக்கு எரிபொருள் சிக்கன ஒட்டுச்சீட்டு கட்டாயமில்லை. எனவே எஃப்-250 போன்ற பெரிய ஊர்திகளை எஃப்-150 உடன் ஒப்பிட விரும்புவோருக்கு அதிகாரப்பூர்வ எண் கிடைப்பதில்லை.

நடைமுறை நுகர்வைத் தீர்மானிக்கும் காரணிகள்

வேகம்

காற்றுத்தடை வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. மணிக்கு 113 கிமீ (70 மைல்) வேகத்தில் ஏற்படும் காற்றுத்தடை, நெடுஞ்சாலைச் சோதனையின் சராசரி வேகமான 78 கிமீயில் ஏற்படுவதைப் போல் இரு மடங்கிற்கும் மேலாகும். அமெரிக்க நெடுஞ்சாலைகள் பலவற்றில் சட்டப்படியான வேக வரம்பே 113 முதல் 129 கிமீ வரை உள்ளது. உயரமும் அகன்ற முன்பரப்பும் கொண்ட பிக்கப் ஊர்தியில் இதன் விளைவு சிறிய தானுந்தைவிடக் கூடுதலாக உணரப்படும்.

பின்கதவைத் திறந்துவிட்டு ஓட்டினால் காற்றுத்தடை குறையும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. உண்மையில் பின்கதவு மூடியிருக்கையில் சரக்குப் பெட்டிக்குள் சுழலும் காற்றுத்திரள் உருவாகி, மேலே செல்லும் காற்று அதன்மீது வழுக்கிச் செல்ல உதவுகிறது. ஆகையால் மூடிய பின்கதவே பொதுவாகச் சிறந்தது.

டிரெய்லரும் சுமையும்

நுகர்வை மிகுதியாக மாற்றும் காரணி டிரெய்லர் ஆகும். தட்டையான முகப்பும் கூரையும் கொண்ட உயரமான பயண டிரெய்லரை நெடுஞ்சாலை வேகத்தில் இழுக்கும்போது எரிபொருள் நுகர்வு ஏறத்தாழ இரு மடங்காகலாம். இங்கு எடையைக் காட்டிலும் முன்பரப்பே பெரும்பங்கு வகிக்கிறது. சமவெளியில் ஒரே எடையுள்ள தாழ்வான படகு டிரெய்லர் குறைவான எரிபொருளையே கோரும். மலைப்பாதையிலும் அடிக்கடி நின்று புறப்படும் நகரச் சாலையிலும் எடையின் பங்கு உயர்கிறது.

டிரெய்லரின் முழு எடையும் சக்கரங்களின் மீது அமர்வதில்லை. அதில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கி வழியாக ஊர்தியின் மீது இறங்குகிறது. 3600 கிலோகிராம் டிரெய்லர் எனில் இது 360 முதல் 540 கிலோகிராம் வரை ஆகும். பயணிகளின் எடையும் இதனுடன் சேரும்போது, இழுவை வரம்பிற்கு உட்பட்ட டிரெய்லரே ஊர்தியின் சுமை வரம்பை மீறச் செய்துவிடக்கூடும். இது தடுப்பான்களின் செயல்பாட்டையும் திசைதிருப்பும் கட்டுப்பாட்டையும் பாதிக்கும்.

இயந்திர வகை

டர்போசார்ஜர் என்பது வெளியேறும் வளிமத்தின் ஆற்றலைக் கொண்டு கூடுதல் காற்றை உருளைகளுக்குள் அழுத்தும் கருவி ஆகும். குறைந்த சுமையில் சிறிய இயந்திரமாகவும் அதிகச் சுமையில் பெரிய இயந்திரமாகவும் செயல்படுவதே ஈக்கோபூஸ்ட் வகையின் அடிப்படைக் கருத்து. ஆய்வகச் சோதனையின் பெரும்பகுதியில் சுமை குறைவு என்பதால் இவை நல்ல மதிப்பீட்டைப் பெறுகின்றன. தொடர்ந்து கனத்த சுமையை இழுக்கையில் கூடுதல் காற்றுக்கு ஈடாகக் கூடுதல் எரிபொருளும் தேவைப்படும். மேலும் வெப்பத்திலிருந்து இயந்திரப் பாகங்களைக் காக்க, எரிதலுக்குத் தேவையானதைவிட மிகுதியான எரிபொருள் சில வேளைகளில் செலுத்தப்படும். அந்நிலையில் பெரிய எட்டு உருளை இயந்திரத்துடனான வேறுபாடு சுருங்கிவிடும். எனினும் குறைந்த சுழற்சி வேகத்திலேயே கிடைக்கும் மிகுந்த முறுக்குவிசை, இழுவைப் பணியில் டர்போ இயந்திரத்தின் நிறைவாகக் கருதப்படுகிறது.

கலப்பின வகை, தடுப்பானை அழுத்தும்போது வீணாகும் ஆற்றலை மின்கலத்தில் சேமித்துப் பயன்படுத்துகிறது. எனவே நகரத்தில் அதன் பயன் தெளிவாகத் தெரியும். சீரான வேகத்தில் நீண்ட தொலைவு இழுக்கையில் மீட்பதற்கு ஆற்றல் அதிகம் இராது, 1.5 கிலோவாட்-மணி மின்கலமும் நீண்ட ஏற்றத்தில் விரைவில் தீர்ந்துவிடும்.

குளிர், எரிபொருள், சக்கரப் பட்டை

அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தகவல்களின்படி, வெப்பநிலை 25 பாகை செல்சியசிலிருந்து -7 பாகைக்கு இறங்கும்போது நகர ஓட்டத்தில் பெட்ரோல் ஊர்தியின் சிக்கனம் ஏறத்தாழ 15 விழுக்காடும், கலப்பின ஊர்தியின் சிக்கனம் 30 முதல் 34 விழுக்காடும் குறைகின்றன. 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், தூய பெட்ரோலைவிட ஏறத்தாழ 3 விழுக்காடு குறைவான ஆற்றல் கொண்டது. கரடுமுரடான பாதைக்குரிய அகன்ற சக்கரப் பட்டைகளும், ஊர்தியின் உயரத்தை அதிகரிக்கும் மாற்றங்களும் உருளல் தடையையும் காற்றுத்தடையையும் உயர்த்துகின்றன.

நின்ற நிலை

பணியிடங்களில் இயந்திரம் நின்ற நிலையில் இயங்கும் நேரமும் கணக்கில் சேரும். இயந்திரத்தின் அளவையும் குளிரூட்டியின் பயன்பாட்டையும் பொறுத்து இது மணிக்கு ஏறத்தாழ 1 முதல் 2 லிட்டர் வரை எரிக்கிறது. கலப்பின வகை, முழுத் தொட்டி எரிபொருளில் 7.2 கிலோவாட் மின்சாரத்தை 32 மணி நேரம் வரை வழங்கும் என ஃபோர்டு அறிவித்துள்ளது. இது மணிக்கு ஏறத்தாழ 3.6 லிட்டர் என்பதற்குச் சமம். அவ்வேளையில் தொலைவு கூடாது என்பதால் ஊர்தியின் சராசரி எண் கடுமையாகச் சரியும். இதனைப் பழுதாகக் கொள்ளுதல் தவறாகும்.

நுகர்வை அளவிடும் முறை

ஊர்தியின் முகப்புத் திரையில் காட்டப்படும் சராசரி, எரிபொருள் செலுத்திகளின் இயக்கத்திலிருந்து கணிக்கப்படுவதாகும். இது உண்மையான அளவிலிருந்து சற்று விலகலாம். துல்லியமான அளவிற்குத் தொட்டியை நிரப்பி, தொலைவுமானியைக் குறித்துக்கொண்டு, மறுமுறை நிரப்பும்போது ஊற்றப்பட்ட லிட்டர் அளவால் சென்ற தொலைவை வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 640 கிமீ சென்றபின் 80 லிட்டர் நிரப்பப்பட்டால் நுகர்வு லிட்டருக்கு 8 கிமீ ஆகும். ஒருமுறை நிரப்புவதில் பல லிட்டர் பிழை நேரலாம் என்பதால் பல முறைகளின் கூட்டுத்தொகையைக் கொள்வதே முறை. இழுவைப் பயணங்களைத் தனியே குறித்தல் வேண்டும். தொழிற்சாலை அளவைவிடப் பெரிய சக்கரப் பட்டைகள் பொருத்தப்பட்டு, தொலைவுமானி அதற்கேற்பத் திருத்தப்படாவிடில், அது உண்மைத் தொலைவைவிடக் குறைவாகக் காட்டும். கணக்கிடப்படும் சிக்கனமும் குறைவாகவே தோன்றும்.

எண்களின் பொருள்

லிட்டருக்கு இத்தனை கிமீ அல்லது காலனுக்கு இத்தனை மைல் என்ற அளவை சேமிப்பைத் தவறாக உணர்த்தக்கூடும் என்பதை ரிச்சர்டு லாரிக், ஜாக் சோல் ஆகிய ஆய்வாளர்கள் 2008 இல் சயன்சு இதழில் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்காட்டினர். ஆண்டுக்கு 20,000 கிமீ ஓடும் பிக்கப் ஊர்தி ஒன்றின் சிக்கனம் லிட்டருக்கு 6 கிமீயிலிருந்து 8 கிமீயாக உயர்ந்தால் ஏறத்தாழ 833 லிட்டர் மிச்சமாகும். சிறிய தானுந்து ஒன்று 15 கிமீயிலிருந்து 20 கிமீயாக உயர்ந்தாலும் மிச்சமாவது 333 லிட்டரே. ஆகவே பெரிய ஊர்திகளில் ஏற்படும் சிறு முன்னேற்றமும் மதிப்பு மிக்கது. 2013 மாதிரி முதல் அமெரிக்க ஒட்டுச்சீட்டில் 100 மைலுக்கு எத்தனை காலன் என்பதும் அச்சிடப்படுகிறது.

அதே தொலைவிற்கு மேலே தரப்பட்ட மதிப்பீடுகளின்படி 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் 2352 லிட்டரும் கலப்பின வகை 1960 லிட்டரும் நுகரும். வேறுபாடு ஏறத்தாழ 390 லிட்டர். கலப்பின வகையின் கூடுதல் விலையை இச்சேமிப்பு எத்தனை ஆண்டுகளில் ஈடுசெய்யும் என்பது எரிபொருள் விலையையும், நகர ஓட்டத்தின் பங்கையும் பொறுத்தது.

சர்ச்சை

ஆய்வக உருளைகளுக்கு அளிக்கப்படும் எதிர்விசையைக் கணிக்கும் முறை குறித்து ஊழியர் சிலர் ஐயம் எழுப்பியதை அடுத்து, தன் சோதனை நடைமுறைகளை ஆராய்ந்து வருவதாக 2019 பிப்ரவரியில் ஃபோர்டு அறிவித்தது. அமெரிக்க நீதித்துறையும் குற்றவியல் விசாரணையைத் தொடங்கியது; பின்னர் மேல்நடவடிக்கை இன்றி அதனை முடித்துக்கொண்டது. எஃப்-150, ரேஞ்சர் ஆகியவற்றின் எரிபொருள் சிக்கனம் மிகைப்படுத்தப்பட்டதாக உரிமையாளர்கள் தொடுத்த வழக்குகளை மிச்சிகனிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் 2022 இல் தள்ளுபடி செய்தது. ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 இல் இதனை உறுதி செய்தது. சிக்கன மதிப்பீட்டை ஏற்பதும் மறுப்பதும் கூட்டரசு முகமையின் அதிகாரத்திற்குட்பட்டது என்பதால் மாநிலச் சட்டங்களின்கீழ் இவ்வழக்குகளைத் தொடர இயலாது என்பதே தீர்ப்பின் அடிப்படை ஆகும்.

தெரிவும் பயன்பாடும்

எஃப்-150 வகைகளுள் எது சிக்கனமானது என்பதற்கு ஒரே விடை இல்லை. பெரும்பாலும் வெறுமையாக ஓடி, அரிதாகச் சுமை ஏற்றும் ஊர்திக்கு 2.7 லிட்டர் இயந்திரம் போதுமானது. நகரத்திற்குள் அடிக்கடி நின்று செல்லும் ஊர்திக்கும், பணியிடத்தில் மின்சாரம் தேவைப்படுவோருக்கும் கலப்பின வகை பயன் தரும். கனத்த டிரெய்லரை அடிக்கடி இழுப்போருக்கு ஒட்டுச்சீட்டின் நெடுஞ்சாலை எண் வழிகாட்டியாகாது. அவர்களுக்கு இழுவைத் திறன், கதவுச் சட்டத்திலுள்ள சுமை வரம்பு, தொட்டியின் கொள்ளளவு ஆகியனவே முதன்மை பெறும். எடுத்துக்காட்டாக, 116 லிட்டர் தொட்டி கொண்ட கலப்பின ஊர்தி மதிப்பீட்டின்படி 1180 கிமீ வரை செல்லலாம். நுகர்வு இரு மடங்காகும் இழுவைப் பயணத்தில் அது 590 கிமீயாகக் குறையும்.